பெங்களூருக்குப் போன சிவப்புக் கோடு

ஒரு திருடனைப் பிடிக்கப் போய், இண்டூரில் பாதி ஊருக்கு இன்டர்நெட்டை அறுத்துவிட்டேன். அடுத்து வந்த போன்களில் எனக்கு அத்தனை புதுப் பெயர்கள் வைத்தார்கள். வாப்பா வைத்த முதசிர் என்ற பெயரே மறந்துபோயிற்று.

ஊருக்கு பிராட்பேண்டு கொடுப்பது என் பிழைப்பு. அதற்குக் காவலாக ஒரு மென்பொருள் உண்டு. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டது. அன்று காலைதான் அதன் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தேன்.

பழையது வெறும் எண்களாகக் கொட்டும். புதியது, எந்த வீட்டுக் கருவி எந்த ஊரோடு பேசுகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் கோடு சிவக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் தொடர்பை அறுத்தும்விடும்.

புது வண்டி வாங்கியவன் தேவையில்லாமல் ஹாரன் அடிப்பது போல, நானும் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு கோடு சிவந்தது. நவநீதன் மாமா வீட்டு வாசல் கேமராவிலிருந்து பெங்களூருக்கு. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நிற்காமல் படம் போய்க்கொண்டிருந்தது.

அது சாவு வீடு. மாமாவின் மனைவி அமுதவல்லி அத்தை இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. வந்தவர்கள் கழுத்தில் என்ன கிடக்கிறது, வீடு எப்போது காலியாகும் என்று எவனோ உட்கார்ந்து பார்க்கிறான்.

முந்தின நாள் சாயங்காலம் ஐஸ் பெட்டி வந்து இறங்கியபோது நானும் அங்கேதான் இருந்தேன். அத்தையை உள்ளே கிடத்த மாமா விடவில்லை. வாசலில், கேமராக் கம்பத்துக்கு நேர் எதிரே பெட்டியை வைக்கச் சொன்னார். தலைப் பக்கத்தையும் மாற்றிவைக்கச் சொன்னார்.

"தலைமாடு தெக்கால இருக்கணும்டா. உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் அவருடைய அண்ணன் வீரமணி.

"இப்படியே இருக்கட்டுண்ணா. முகத்துல வெளிச்சம் படட்டும்."

கூட்டத்தில் ஒரு பெண், "மகளுக்குத் தாக்கல் சொல்லலீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். வேறு சாதிப் பையனோடு மொரப்பூரில் ரயிலேறிப் போன மாமாவின் மகள் பிரியதர்ஷினியைத்தான் சொன்னாள்.

வீரமணி துண்டை உதறித் தோளில் போட்டார். "அவ இந்த வாசல்ல கால் வெச்சா, பாடை தூக்க நானும் வரமாட்டேன், எம் பசங்களும் வரமாட்டானுங்க. அவளைத்தான் அன்னிக்கே தலை முழுகியாச்சே. என்னடா?"

"ஆமாண்ணா" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

இப்போது மாமாவுக்கு மகளும் இல்லை, மனைவியும் இல்லை; திருடனாவது இல்லாமல் இருக்கட்டும் என்று பொத்தானை அமுக்கினேன். ஒரு வீட்டைத் தேர்வு செய்வதாக நினைத்துப் பாதி ஊரைத் தேர்வு செய்திருந்தது, வசவு வந்த பிறகுதான் தெரிந்தது. எல்லோருக்கும் திரும்பக் கொடுத்தேன். அந்தக் கேமராவை மட்டும் அறுத்தபடியே விட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று பெருமை வேறு.

இரண்டு நாள் கழித்து, பால் தெளிக்கும் சடங்கு முடிந்த பிறகு, பாராட்டு வாங்க மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாய்யா பாய்" என்றார் வீரமணி. "எழவு வூட்டுல ஒரு போன் பேச முடியல. எங்க அமுதவல்லிக்குத் தொணைக்கு உன் நெட்டையும் அனுப்பிவெச்சுட்டியா?"

"அது ஒரு நல்ல காரியத்துக்குங்க" என்றேன். "மாமா, உங்க கேமராவ பெங்களூருல இருந்து எவனோ பாத்துக்கிட்டே இருந்தான். கண்டுபிடிச்சு அறுத்துட்டேன். பாஸ்வேர்டு யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "மோர் குடிக்கிறியா?"

"இப்பத்தாங்க குடிச்சேன். பாஸ்வேர்டு..."

"அண்ணா, வெயில் ஏறுது. உள்ள போயி செத்த படு."

வீரமணி முனகிக்கொண்டே உள்ளே போனார். அவர் கட்டிலில் சாயும் சத்தம் கேட்ட பிறகுதான் மாமா என் பக்கம் திரும்பினார்.

"எப்ப அறுத்த?"

"அன்னிக்குக் காலையிலயேங்க. பாத்த உடனே."

"அவள எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். நான் அறுக்கறப்ப இங்க மேளம் அடிச்சுக்கிட்டிருந்தாங்க."

மாமா எழுந்து போய், ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் நின்றார். அங்கிருந்து கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா முகம் பாக்கறப்ப, இந்தக் கம்பத்துப் பக்கம் ஒருத்தரையும் நிக்க வுடல நான்" என்றார். என்னிடம் சொன்னது போலத் தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவப்பில் கோடு போட்டுக் காட்டினாலும் விளங்காத ஆள் நான்.

"விடுங்க மாமா, பாஸ்வேர்ட மாத்திடலாம். யாருக்குத்தான் குடுத்தீங்க?"

மாமா ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு நான்தான் குடுத்தேன், முதசிரு."