நடு வீட்டுக் கஞ்சன்

"வீடு நல்ல வீடு. நடு மாடியில இருக்கிற ஆளுதான் சரியில்ல. கஞ்சப் பிசினாறி!"

வீட்டை விற்கும் பஸ்தியான் இதைச் சொன்னதே ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான். "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றாள் யோரிண்டா.

ரோட்டர்டாமில் பதினான்கு வீடுகளுக்கு விலை கேட்டு, பதினான்கும் கைநழுவி, கடைசியில் கிடைத்தது பிளைடோர்ப் பகுதியில் இந்த வீடு. தொண்ணூறு வருஷத்துக் கட்டடம். மாடிக்கு ஒன்றாக மூன்றே வீடுகள். யோரிண்டாவும் அவள் கணவன் வெஸ்ஸலும் வாங்குவது உச்சியில் இருப்பதை. அதன் படுக்கையறைக் கூரையில், காபி கொட்டியது போல ஒரு கறை.

"கூரையை மாத்தணும்னு ஆறு வருஷமா கத்தறேன்" என்றான் பஸ்தியான். "மூணு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நடக்கும். ஒவ்வொரு வருஷக் கூட்டத்துலயும் அந்த நடு வீட்டு செவ்டின் மாட்டேன்னுடுவார். மழை வந்தா தார் டப்பாவைத் தூக்கிக்கிட்டுத் தானே மேல ஏறி ஒட்டுப் போடுவார். கூலி மிச்சமாம்!"

வாங்குகிறவர் மனசு மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய மூன்று நாள் அவகாசம். இரண்டு நாள் போய்விட்டது. இன்றுதான் கடைசி.

அலுவலகத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நேரில் ஒரு வார்த்தை பேசிப் பார்த்துவிடலாமே.

ஏணி போல நிமிர்ந்து நின்ற படிகளில் ஏறி, நடு வீட்டுக் கதவைத் தட்டினாள். செவ்டினே திறந்தார். சுரினாம் நாட்டிலிருந்து வந்து, முப்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"சார், மேல் வீட்டை வாங்கப்போறது நாங்கதான். கூரை விஷயமா..."

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே சார்!"

"கேட்டாலும் அதான் பதில். ஒட்டுப் போட்டாப் போதும். நான் போடறேன்."

"எத்தனை நாளைக்குத்தான் ஒட்டுப் போடுவீங்க? நீங்க ஒருத்தர் சரின்னு சொன்னா எல்லாருக்கும் நல்லதுதானே?"

"என் காசு என் பையில இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். போயிட்டு வாம்மா."

கதவு சாத்திக்கொண்டது.

யோரிண்டா தடதடவென்று இறங்கினாள். கீழ் வீட்டு வாசலில் திருமதி லேனார்ட்ஸ் நின்றிருந்தார். முத்துத் தோடு, கலையாத வெள்ளை முடி, வீட்டுக்குள்ளேயே கழற்றாத கம்பளிக் கோட்டு.

"சத்தம் கேட்டுச்சு. உள்ள வாம்மா, காபி குடி."

காபி வந்தது. டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டு, மூடி வைத்தார் திருமதி லேனார்ட்ஸ்.

யோரிண்டாவுக்குக் கோபம் ஆறவில்லை. "எப்படி மேடம் இந்த ஆளோட இத்தனை வருஷமா ஒரே கட்டடத்துல இருக்கீங்க? நீங்களும் நாங்களும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பார்த்தா என்ன? அவரை வழிக்குக் கொண்டு வந்துடலாம்."

திருமதி லேனார்ட்ஸ் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரை போடவே இல்லை என்பதைக் கவனிக்கும் நிலையில் யோரிண்டா இல்லை.

போன் அடித்தது. வெஸ்ஸல்.

"என்ன ஆச்சு? பேசினியா?"

"பேசறதாவது! மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டார். ரத்து பண்ணிடு."

"நிஜமாவா? அடுத்த மாசம் இந்த வாடகை வீட்டையும் காலி பண்ணணும். தெருவுலயா நிக்கறது?"

"நின்னாலும் பரவாயில்ல. இப்பவே மெயில் அனுப்பு."

"காரணம்?"

"காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்லதான். ஆனா எழுது. நடு வீட்டு செவ்டினோட கஞ்சத்தனத்தாலன்னு பேரைப் போட்டே எழுது. அடுத்து வர்றவங்களாவது தப்பிச்சுக்கட்டும்."

திருமதி லேனார்ட்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் காபி தட்டில் சிந்தியது.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்மா."

யோரிண்டா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"என் வீட்டுக்காரர் இறந்த வருஷம்தான் முதல்ல கூரைப் பேச்சு வந்தது" என்றார் அவர். "அவர் போனதோட வருமானமும் போச்சு. வெளியில யாருக்கும் தெரியாது. தெரியவும் விடல. கூட்டத்துல முதல்ல என்னைத்தான் கேட்டாங்க, 'உங்க முடிவு என்ன மேடம்?'னு. ஆளுக்கு ஒரு பங்கு. அதைக் கட்டணும்னா நான் இந்த வீட்டையே விக்கணும். எனக்கு வாய் வரல. மேஜைக்கு அடியில கை உதறுது. பக்கத்துல செவ்டின் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை என் கையைப் பார்த்தார். உடனே எழுந்து, 'யாரையும் கேக்க வேண்டாம், நான் காசு தரமாட்டேன்'னுட்டார்."

"அப்போ இந்த ஆறு வருஷமும்..."

"ஒவ்வொரு வருஷமும். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே. இதைப் பத்தி அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நானும் ஒரு நன்றி சொன்னதில்ல. எல்லாரும் அவரைக் கஞ்சன்னு திட்டறப்போ நானும் சேர்ந்து தலையாட்டியிருக்கேன்."

வெளியே டிராம் ஒன்று போக, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ரத்து பண்றதுன்னா பண்ணிக்கோம்மா. உன் உரிமை. ஆனா காரணம்னு அவர் பேரை எழுதாதே. என் பேரை எழுது."

யோரிண்டாவின் கையில் இருந்த போன் கத்திக்கொண்டிருந்தது.

"ஹலோ? எழுதிட்டேன், அனுப்பிடவா? ஹலோ!"

"அனுப்பாதே வெஸ்ஸல்" என்றாள் யோரிண்டா. "வர்ற வழியில பெருசா ஒரு வாளி வாங்கிட்டு வா. நம்ம படுக்கையறையில ஒழுகும்."