பெரியவனுக்குத் துப்பாக்கி

பெரியவன் துணியை விலக்கித் துப்பாக்கியை எடுத்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“சுட்டுடாதீங்க சார், இன்னும் டீகூடக் குடிக்கல.”

நாற்பது வருடமாகத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் நையாண்டி அது. பெரியவன் சிரித்துவிட்டான். அப்பா போன பிறகு அவன் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

“அப்பாவோடது. லைசென்ஸை என் பேருக்கு மாத்தணும். என்ன துப்பாக்கின்னு பார்த்து எழுதிக் கொடுங்க.”

உயிலில் இரண்டே வரி. வீடு சின்னவனுக்கு, துப்பாக்கி பெரியவனுக்கு. இரண்டு நாள் லீவில் வந்த சின்னவன், இடது கையால் சரசரவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

“பதினோரு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவருக்கு விளையாட்டுச் சாமானா?” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா போட்டிகளில் சுட்டுப் பரிசு வாங்கியவர். துப்பாக்கி அலமாரியைத் தொடக்கூட யாரையும் விட்டதில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் தம்பிக்கு, அப்பாவின் உயிர் எனக்கு என்று சொல்லிக்கொண்டான்.

பழுதுபார்ப்பவர் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “ஒத்தைத் தோட்டாக் கைத்துப்பாக்கி. இலக்கு அட்டையைச் சுடறதுக்குன்னே செஞ்சது. விசை மேல மூச்சு பட்டாலே போதும். அருமையான சாமான்! பிடிச்சுப் பாருங்க.”

பெரியவன் பிடித்தான். மரத்தில் இருந்த பள்ளம் கட்டைவிரலுக்கு அகப்படவில்லை. உள்ளங்கையில் ஏதோ முட்டியது.

“நீங்க இடது கைக்காரரா?”

“இல்லையே.”

“இது இடது கைக்குச் செதுக்கின கைப்பிடி. இந்த மாதிரித் துப்பாக்கிக்கு ஆளோட கையை அளவெடுத்துத்தான் செதுக்குவாங்க. அடுத்தவன் செருப்பு மாதிரி, வேற யாருக்கும் சேராது.”

“பக்கவாதத்துல அப்பாவுக்கு வலது கை போயிடுச்சு சார். இடது கையால சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருக்கார். அந்தக் கையைத்தான் தினமும் கழுவிவிட்டேன்.”

பழுதுபார்ப்பவர் திருகாணியைக் கழற்றினார். கைப்பிடியின் உள்பக்கம் பென்சிலால் ஒரு தேதி. அப்பாவின் எழுத்துதான்.

“பக்கவாதம் வந்து எத்தனை வருஷம்?”

“பதினொண்ணு.”

“இது செதுக்கி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. அளவும் ஒரு பையனோட கை அளவு. மரத்துல வேர்வைக் கறைகூட இல்ல. இதை யாரும் பிடிச்சுச் சுட்டதே இல்ல சார்.”

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் பெரியவனுக்குப் பதினெட்டு வயது, சின்னவனுக்குப் பன்னிரண்டு. ‘எனக்கும் சுடக் கத்துக்கொடுங்கப்பா’ என்று கெஞ்சியபோது, ‘உனக்குக் கை நடுங்கும், போடா’ என்றிருந்தார் அப்பா.

இப்போதுதான் நடுங்கியது. வாசலுக்கு வந்து சின்னவனுக்குப் போன் போட்டான். துப்பாக்கியையும் அதன் கைப்பிடியையும் பற்றிச் சொன்னான்.

அந்தப் பக்கம் ஒரு நீளமான கொட்டாவி.

“ஓ, அதுவா? வேண்டாம்னு நான் அப்பவே தூக்கிப் போட்டதாச்சே அண்ணா!”