கறுப்புக் கோடு

"அந்த ஆளுக்குக் கண்ணே கிடையாதா?"

வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டு அவள் கேட்டது, வீட்டை விற்றுவிட்டுப் போனவரைப் பற்றி. இரண்டாவது நாளாக பேஸ்மென்ட் தரையைத் தேய்க்கிறாள். கை ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை.

தரையா அது? பசை, வார்னிஷ், பிரம்புச் சீவல், எண்ணெய் என்று பல வருஷத்து அழுக்கு அப்பிக் கிடந்தது. அத்தனை பெரிய அறையில் பேருக்குக்கூட ஒரு பல்பு இல்லை. அவள்தான் ஆளைக் கூப்பிட்டு டியூப்லைட் மாட்டினாள். வெளிச்சம் வந்த பிறகுதான் அழுக்கே தெரிந்தது.

வீட்டைப் பேசி முடித்தது கணவன். அவள் ஒரே ஒரு தடவை வந்து பார்த்தாள், கீழே இருட்டாக இருந்ததால் பாதிப் படியோடு திரும்பிவிட்டாள். விற்றவரைக் கண்ணால் கண்டதில்லை. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர் என்று மட்டும் தெரியும்.

இப்போது கணவனும் அந்தத் தொழிலுக்கே வருகிறானாம். பதினெட்டு வருஷம் நடத்திய கடிகார ரிப்பேர் கடையை மூடிவிட்டான். ஏன் என்று கேட்டால் அலுத்துவிட்டது என்கிறான். ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் இந்த வீட்டுக்கு வந்துதான் பின்னக் கற்றுக்கொண்டான். திங்கட்கிழமை இதே பேஸ்மென்ட்டில் வேலையை ஆரம்பிக்கிறான். அது ஓடினால்தான் குடும்பம் ஓடும். ஓடாவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் படியிறங்கி வந்தான். கடைசிப் படியில் நின்று வலது காலைத் தரையில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டு உள்ளே வந்தான். செருப்பைத் துடைக்க அவள் கழுவின இடம்தானா கிடைத்தது?

"நீங்களாவது கண்ணைத் திறந்துகிட்டு வாங்கியிருக்கலாம்ல?" என்றாள்.

அவன் சிரித்தான்.

"சரி, இந்தப் பக்கம் எப்படி இருக்கு, சொல்லுங்க."

"பளபளன்னு இருக்கு" என்றான், கழுவாத பக்கத்தைப் பார்த்து. பெண்டாட்டி செய்த வேலையை ஏறெடுத்துப் பார்க்கிற புருஷன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று அவள் நொடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. படியடியில் தொடங்கி, விரல் கனத்துக்குப் புடைத்த ஒரு கறுப்புக் கோடு ஓடியது. நடுவில் பிரிந்து வேலை மேஜைக்கு ஒன்று, குழாயடிக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று என்று போனது. தொட்டால் கல்லாக இருந்தது.

"மத்ததெல்லாம் தேய். அந்தக் கோட்டை மட்டும் விட்டுடு" என்றான்.

"ஏன்?"

"அது போகாது. வீணா இடுப்பை ஒடிச்சுக்காதே."

போகாதா? அவளிடமா?

மறுநாள் அவன் பிரம்பு வாங்கப் போனதும் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிட்டாள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது, கடைசித் துண்டு பெயரும்போது மணி மூன்று. கறுப்புப் பசைக்குள்ளே வெறும் சணல் கயிறு. கயிற்றைப் போய்த் தரையில் ஒட்டிவைத்திருக்கிறான், கிறுக்கன் என்று திட்டி, மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினாள். இரண்டு கையிலும் கொப்புளம். ஆனால் தரையில் முகம் பார்க்கலாம். அவன் வந்து அசந்துபோகப் போகிறான் என்று நினைத்ததுமே அலுப்பெல்லாம் பறந்துவிட்டது.

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவருக்குக் கணவன் வயசுதான் இருக்கும். கறுப்புக் கண்ணாடி, கையில் வெள்ளைத் தடி.

"நான்தான் அண்ணி, இந்த வீட்டை வித்தவன். அண்ணன் திங்கக்கிழமை ஆரம்பிக்கிறாரே, பிரம்பு பின்ற என்னோட குத்தூசியை அவருக்குக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கண்ணே கிடையாதா என்று மூன்று நாளாக வாய்க்கு வாய் கேட்டவள் அவள்தான்.

அவர் பழகின வீட்டில் யாருடைய துணையும் இல்லாமல் விறுவிறுவென்று கீழே இறங்கினார். கடைசிப் படியில் நின்று வலது காலைத் தரையில் இப்படியும் அப்படியும் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார்.

"கயிறு எங்க அண்ணி?"

"பேத்துட்டேன்" என்றாள். "அழுக்குன்னு நெனச்சு... மன்னிச்சிருங்க. உங்களுக்கு வழி காட்ட ஒட்டினதுன்னு எனக்குத் தெரியாது."

"எனக்கென்ன, நான்தான் போயாச்சே. விக்கும்போதே பேத்துத் தரேன்னு சொன்னேன். அண்ணன்தான் கூடவே கூடாதுன்னுட்டார். அந்தக் கயித்துக்காகத்தானே இந்த வீட்டையே வாங்கினார்."

"அவருக்கு எதுக்குக் கயிறு?"

வந்தவர் முகம் மாறிப்போனது.

"உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்றார் மெல்ல. "கடிகார முள்ளு கண்ணுக்குத் தெரியலைன்னுதானே அண்ணி, கடையை மூடினார்."

மேலே கதவு திறந்தது. கணவனின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. அவள் அவன் காலையே பார்த்தாள்.

கடைசிப் படியில் வலது கால் இறங்கி இப்படியும் அப்படியும் தடவியது. மறுபடி தடவியது. அப்புறம் அசையாமல் நின்றது.

"அட, கோட்டையும் எடுத்துட்டியா?" என்றான், யாருமில்லாத மூலையைப் பார்த்துச் சிரித்தபடி. "இப்பத்தான் பார்க்கவே அழகா இருக்கு."