கிளமென்ற் அண்ணையின் மூக்கு

“சைவக்காரருக்கு மண்டபத்தைக் குடுத்தது பிழை. இதிலை ஒரு கையெழுத்தை வையுங்கோ!”

சுவிற்சர்லாந்தின் லுசேர்ணில் ஒரு தேவாலய வாசல். தமிழ்த் திருப்பலி முடிந்து வந்தவர்களை ஒருவர் விடாமல் மறித்துக்கொண்டிருந்தார் கிளமென்ற். ஓட்டல் சமையலறையில் வேலை. சட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன வேகிறது என்று சொல்லிவிடும் மூக்கு தன்னுடையது என்று அவருக்கு ஒரு பெருமை.

தேவாலயத்துக்குக் கீழே ஒரு மண்டபம். வெள்ளிக்கிழமைகளில் சைவக்காரர் கும்பிடட்டும் என்று பங்குச் சுவாமி அதைக் கொடுத்திருந்தார். அவர் சுவிஸ்காரப் பாதிரியார். அவருக்கு இருந்த மனம் கிளமென்றுக்கு இல்லை.

இன்னும் பத்து நாளில் நவராத்திரி. இந்தக் கையெழுத்து மனு பங்குச் சபைக்குப் போனால் கொலு வைக்க இடமில்லை.

மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குச் சுவாமி இருவரை அழைத்தார். ஒருவர் கிளமென்ற். திருப்பலியில் தூபம் ஆட்டுபவர் அவர்தான்; கையில் தூபக்கலசம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மற்றவர் கீழ் மண்டபத்துப் பூசையை நடத்தும் சச்சிதானந்தன். மண்டபம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

மேசையில் மனு கிடந்தது.

“என்ன பிரச்சினை?” சுவாமி ஜெர்மனில் கேட்டார்.

கிளமென்றும் ஜெர்மனில்தான் தொடங்கினார். கோபம் ஏறியதும் தமிழுக்குத் தாவிவிட்டார். தன் மேல் வந்த குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர்க்கிற வேலை சச்சிதானந்தன் தலையில் விழுந்தது.

“கீழை கொளுத்துற சாம்பிராணி மேலை வந்து தலையிடிக்குது. இந்த மூண்டு மாதமாய் வலு மோசம்! சொல்லும், அவருக்குச் சொல்லும்!”

சச்சிதானந்தன் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

“அது சாம்பிராணி. இது தூபம். ரெண்டும் ஒண்டோ?” கிளமென்ற் கலசத்தை ஒருதரம் ஆட்டினார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். “இந்த மணத்துக்கு ஊரிலை மடுக் கோயில் மாதாவே முன்னாலை வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

அதையும் சொன்னார் சச்சிதானந்தன். சுவாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் மறைத்துக்கொண்டார்.

“மூன்று மாதத்துக்கு முன்னாலும் இதையே சொன்னீர்கள், கிளமென்ற். சண்டை வேண்டாமென்று நம்முடைய தூபத்தைத்தான் இவரிடம் கொடுத்துவிட்டேன். கீழே புகைவது அதுதான்.”

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கிளமென்ற் கலசத்தைப் பார்த்தார். சங்கிலியை ஆட்டிய கை அப்படியே நின்றது.

“அப்ப… என்ரை கையிலை இருக்கிறது?”

சச்சிதானந்தன் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். மேலே பிள்ளையார் படம்.

“சும்மா வாங்கிறது சரியில்லையெண்டு நானும் சுவாமிட்டை ஒரு பெட்டி சாம்பிராணி குடுத்தனான், அண்ணை. முடிஞ்சிருக்கும் எண்டு இண்டைக்குப் புதுசு கொண்டந்தனான். நீங்கள் வேண்டாமெண்டால்…”

கிளமென்ற் கலசத்தைக் கொளுவியில் மாட்டினார். ஒரு கையால் மேசையில் கிடந்த மனுவை எடுத்துக்கொண்டார்.

மற்றக் கையால் பெட்டியை வாங்கிக்கொண்டார்.