பெயர் சொன்னால் வருவார்கள்

ஆச்சார் வுத்தியின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான், இவரிடமே பெயர்களைச் சொல்லலாம் என்று நியாரிக்குத் தோன்றியது. போன கோயில்களில் எல்லாம் பூசை நடத்தும் ஆச்சார்கள் சந்தையில் மீன் விற்பவர்களைப் போல அவசரப்படுத்தினார்கள். இவர் பாயை உதறிப் போட்டு, "உக்காரும்மா. நிதானமா சொல்லு" என்றார்.

செத்தவர்கள் பசியோடு கோயில் கோயிலாகத் தேடி வரும் பச்சும் பென் நாட்கள் அவை. மீகாங் கரையிலிருந்த அந்தப் பழைய விகாரையில் கால் வைக்க இடமில்லை. ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டில் பாதி வெள்ளத்தில் முழுகியிருக்க, இருபுறமும் கல் நாகங்களின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

சோற்று அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்த அவள் கணவன் சாரூன் பெருமூச்சு விட்டான். "வருசா வருசம் கோயில் கோயிலா அலையறோம். உங்கக்கா ஒண்ணுலயாவது சாப்பிட்டிருக்க மாட்டாங்களா?"

"சோத்த வச்சா மட்டும் போதுமா? பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவாங்க."

"கூப்பிடு, கூப்பிடு. எனக்கும்தான் பசிக்குது. நான் இன்னும் சாகல, அதான் யாரும் கண்டுக்க மாட்டேங்கறீங்க."

ஆச்சார் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாரிக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. "ஐயாவுக்கு இந்த ஊர்தானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. தாக்கியோ பக்கம். சண்டையெல்லாம் ஓஞ்ச பெறகுதான் இந்தப் பக்கமே வந்தேன். கோயில் இடிஞ்சு கெடந்துச்சு. கல்லு மண்ணு சுமந்தேன். அப்படியே தங்கிட்டேன்."

அப்பா பெயரைச் சொன்னாள். அம்மா பெயரைச் சொன்னாள். இரண்டு பேரும் பட்டினியில் போனவர்கள். ஒவ்வொரு பெயரையும் அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லி, ஒவ்வோர் ஊதுபத்தியாக மணலில் செருகினார்.

"அக்கா பேரு மாலியா" என்றவள் எதிர்க்கரையைக் காட்டினாள். "பொல்பாட் காலத்துல எங்களை அங்கதான் வச்சிருந்தாங்க. அத்தான் வாத்தியாரு. அவர மொதல்ல கொண்டு போனாங்க. அப்புறம் ஒரு நாள் பொல்பாட்டோட கறுப்புச் சட்டைக்காரங்க வந்து, வாத்தியார் பொண்டாட்டி யாருன்னு கேட்டு, அக்காவ மட்டும் படகுல ஏத்திட்டு இந்தக் கரைக்கு வந்தாங்க. நான் அங்கயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். சாயங்காலம் படகு திரும்பிச்சு. அவங்க மட்டும்தான் எறங்கினாங்க."

"ஆத்துல சுழி வேற அன்னைக்கு" என்று முணுமுணுத்தார் ஆச்சார்.

"ஆமாங்கய்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் நியாரி.

"அந்த ஆளுங்க மொகம் ஞாபகம் இருக்காம்மா?"

"சின்னப் புள்ளைங்கய்யா நான். தலையில துண்டு சுத்தியிருந்தாங்க. நிமிந்து பாக்குற தைரியம் யாருக்கு இருந்துச்சு?"

அவர் மாலியாவின் பெயரைச் சொல்லி ஊதுபத்தியைச் செருகினார். அது நிற்காமல் சாய்ந்தது. எடுத்து மறுபடி செருகினார். "வேற யாரும்மா?"

இதற்காகத்தான் அவள் கோயில் கோயிலாக அலைந்தாள். "இன்னும் ஒரு ஜீவன் இருக்குங்கய்யா. அக்கா நெறமாச கர்ப்பிணி. அன்னைக்குக் காலையிலயே வலி எடுத்திருச்சு. வலியோடதான் இழுத்துட்டுப் போனாங்க. பொறந்துச்சா, வயித்தோட போச்சா, தெரியாது. ஆணா பொண்ணான்னு தெரியாது. பேரும் இல்ல. அத நான் எப்படிக் கூப்பிடறது? எங்க தேடினாலும் அதுக்குச் சோறு கெடைக்காதே!"

சாரூன் குனிந்து அவள் தோளைத் தொட்டான். குரலில் இப்போது கேலி இல்லை. "பொதுவா குழந்தைன்னு சொல்லிருங்கய்யா. மத்த கோயில்லயும் அப்படித்தான் சொன்னாங்க."

உள்ளே பிக்குகள் ஓதத் தொடங்கிவிட்டார்கள். ஆச்சார் கையிலிருந்த ஊதுபத்தி எரிந்து எரிந்து விரலைத் தொட்டது. அவர் விடவில்லை.

பிறகு, அந்தக் கிழவர் இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, நியாரியின் காலடியில் நெற்றி படக் குனிந்தார். பதறிப்போய் அவள் பின்னால் நகர்ந்தாள். "ஐயோ, என்னங்கய்யா இது! பெரியவங்க நீங்க போயி..."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"பொம்பளப் புள்ளம்மா. பொறந்ததும் அழுதுச்சு."