முப்பத்தொரு குறைகள்

சுவரிலிருந்த துளையை நகத்தால் சுரண்டி விரலை மூக்கருகே கொண்டுபோனார், வீட்டு உரிமையாளரான ஹெடிகர் அம்மாள்.

"பற்பசை. புதினா வாசனை" என்று சொல்லி, ஒப்படைப்புப் படிவத்தில் பதினான்காவது குறையாக எழுதினார்.

துளையை அப்படி அடைத்தவன் ஃப்ளூரின். வீட்டைக் காலி செய்யும் அக்கா லாடினாவுக்கு ஒத்தாசையாக வந்தவன்.

"பல்லு விளக்கின சுவரும்மா. சொத்தையே விழாது" என்றான்.

ஹெடிகர் அம்மாள் சிரிக்கவில்லை. குழாய் முனையின் சல்லடையைக் கழற்றிச் சுண்ணாம்புக் கறையைப் பார்த்தார், எழுதினார். ஜன்னல் மறைப்பின் பின்புறம் விரலை ஓட்டினார், எழுதினார். அக்காவும் தம்பியும் மூன்று நாள் மண்டியிட்டுத் தேய்த்த வீடு அது.

ஃப்ளூரினுக்குக் கவலையில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், கணவனைப் பிரிந்து இரட்டைக் குழந்தைகளோடு சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகருக்கு வந்த லாடினாவிடம், மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வழியிருக்கவில்லை. முன்பணத்துக்குப் பதிலாக, சேதத்துக்குத் தான் பொறுப்பு என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் தரும் சான்றிதழைக் கொடுத்திருந்தாள். ஆண்டு தவறாமல் அதற்குச் சந்தாவும் கட்டினாள்.

"நல்லா எழுதுங்க. கட்டின காசுக்குக் காப்பீட்டுக்காரன் குடுக்கட்டும்" என்றான்.

"எனக்குக் குடுப்பான், தம்பி. அப்புறம் உங்க அக்காகிட்ட அவ்வளவையும் வாங்கிக்குவான்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும். இங்கே பாக்கி விழுந்தால் புது வீட்டுக்குச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லையென்றால் சாவியும் இல்லை. சாமான்களோ கீழே வண்டியில் ஏறிவிட்டன.

ஃப்ளூரினின் குரல் இறங்கியது. சின்னச் சின்னக் கீறல்களையாவது விட்டுவிடலாமே என்று கேட்டுப்பார்த்தான்.

"கண்ணால பார்த்ததை எழுதாம விட மாட்டேன்" என்றார் ஹெடிகர் அம்மாள்.

முப்பத்தொன்றில் பேனா நின்றது. கையெழுத்துப் போடாதே என்று தம்பி தடுத்தான்.

"ஓட்டை போட்டது நான்தானேடா" என்று லாடினா பேனாவை வாங்கினாள்.

படித்துவிட்டுப் போடும்படி ஹெடிகர் அம்மாள் கண்டிப்புடன் சொன்னார்.

"நீங்க இல்லாததை எழுத மாட்டீங்கம்மா" என்றவள், படிக்காமலே கையெழுத்திட்டாள்.

கிழவிக்கு இதயத்துக்குப் பதில் அளவுகோல்தான் இருக்கிறது என்று வைதுகொண்டே படியிறங்கிய ஃப்ளூரின், நகலைப் பிரித்தான். பிறகு வையவில்லை.

ஒவ்வொரு குறைக்கும் எதிரே, செலவு யாருடையது என்று இரண்டு கட்டங்கள்: குடியிருந்தவர், உரிமையாளர். முப்பத்தொரு குறிகளும் உரிமையாளர் கட்டத்திலேயே விழுந்திருந்தன. அடியில், 'குடியிருந்தவரிடம் கோருவதற்கு ஒன்றுமில்லை' என்ற வரி.

அதைப் பார்த்த லாடினா மீண்டும் படியேறினாள். நன்றிக்கு முன் கேள்விதான் வந்தது.

"அப்புறம் எதுக்கும்மா ஒண்ணு விடாம எழுதினீங்க?"

"நாளைக்குக் குடி வர்றவளும் உன்னை மாதிரி சான்றிதழோடதான் வர்றா. இன்னைக்கு எழுதாம விட்டா, இதெல்லாம் அவ பண்ணினதா ஆயிடும்" என்றபடி பேனாவை மூடினார் ஹெடிகர் அம்மாள். "அவ காலி பண்ற அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். என் மகன்தான் இருப்பான். எழுதி வச்சதை மட்டும்தான் அவன் மதிப்பான்."