தும்மலுக்கு முன்

தண்ணீர் பரிசலின் விளிம்புவரை வந்துவிட்டது. மூன்று திருடர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தங்க மூட்டை.

மாரிக்கண்ணன் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. அணைத்தால் முன்னறையின் அமைதி உள்ளறைக்கும் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை. தெருவில் விசைத்தறிகள் ஓடவில்லை. முன்னறையில் ஒருவர் தொண்டையைச் செருமினால் இங்கே கேட்டது.

மாமனார் சோலைச்சாமியும் மாமியாரும் அங்கே அவனுடைய பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வயதுப் பாப்பா மாமியார் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

மாமா சுற்றி வளைக்கவில்லை. பரளச்சியில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

"தேவிபிரியா போயி வருசம் திரும்பப் போகுது மாப்பிள்ளை. சின்னவளைக் கட்டிக்கிட்டீங்கன்னா பாப்பா இங்ஙனயே வளரட்டும். இல்லையா, நாங்க தூக்கிட்டுப் போறோம். பொம்பளை இல்லாத வீட்டுல பொட்டப்பிள்ளைய விட்டுட்டு எங்களுக்கு ராத்திரி உறக்கம் வரல. ரெண்டுல ஒண்ணு இன்னைக்குச் சொல்லிருங்க."

சொல்லிவிட்டு, கஸ்தூரி கையில் காப்பியைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

கஸ்தூரி தேவிபிரியாவின் தங்கை. கோயம்புத்தூரில் வேலை. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். காலையில் அவள் பெரிய பை ஒன்றை இழுத்துக்கொண்டு நேரே இங்கு வந்து இறங்கியபோது, "ரெண்டு நாள் லீவுக்கு ஊரையே அள்ளிக்கிட்டு வந்துட்டியாடி?" என்று அத்தை கேட்டார். அன்று எல்லோரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காப்பியை வைத்துவிட்டுக் கஸ்தூரி திரையைப் பார்த்தாள்.

"ஐய், அக்கா படம்!"

பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம். உள்ளூர் கேபிளில் அடிக்கடி போடுவார்கள். மூன்று திருடர்கள் ஜமீன் கஜானாவைக் கொள்ளையடித்து, துரத்துகிறவர்களையெல்லாம் ஏமாற்றிவிட்டு, கடைசியில் நடு ஆற்றில் மாட்டிக்கொள்வார்கள். யார் அசைந்தாலும் பரிசல் கவிழும். அந்த நேரம் பார்த்துக் குண்டுத் திருடன் மூக்கைச் சுளிப்பான். தும்மல் வரப்போகிறது. படம் அப்படியே உறைந்து, 'சுபம்' என்று எழுத்து வரும்.

தேவிபிரியாவுக்கு ஒவ்வொரு தடவையும் கோபம் வரும். தும்மினானா இல்லையா என்று சொல்லாமல் அதென்ன சுபம்? பிறகு அவளே முடித்தும் வைப்பாள். தும்மிவிட்டான், கவிழ்ந்துவிட்டது, எழுந்து பார்த்தால் இடுப்பளவுத் தண்ணீர்தான், நனைந்த வேட்டியோடு நடந்து போயிருப்பார்கள். கண்மாயில் இடுப்புக்கு மேல் தண்ணீர் பார்க்காத ஊர்க்காரி.

"நீங்க என்ன மச்சான் சொல்வீங்க?" என்றாள் கஸ்தூரி.

"அதோட படம் முடிஞ்சுருச்சு."

"இதுக்குத்தான் அக்கா உங்களை வைவா."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

திரையில் குண்டுத் திருடன் மூக்கைச் சுளித்தான். சுபம்.

கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள். "மூட்டையைத் தள்ளிவிட்டா பரிசல் மேல வந்துரும். எல்லாரும் பிழைச்சுருவாங்க. ஆனா மனசு வராது. எம்புட்டுப் பாடுபட்டுக் கெடைச்சது." கொஞ்சம் நிறுத்தினாள். "யாராச்சும் ஒருத்தர் மனசைக் கல்லாக்கிக்கிட்டுத் தள்ளத்தான் வேணும் மச்சான்."

அதைச் சொல்லும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. கதவு வழியாகப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் புரிந்தது.

அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அக்காள் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு இன்னும் வராது. அவள் வேலையும் அவளுக்கென்று இருக்கும் வாழ்க்கையும் இந்த வீட்டுக்குள் மூழ்கிவிடக் கூடாது. அவள் கரையேற வேண்டுமானால், தங்கத்தை அவன்தான் தள்ள வேண்டும்.

தங்கம் அத்தை தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

காப்பியைத் தொடாமல் எழுந்தான்.

முன்னறைக்கு வந்தான். மாமா தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"கஸ்தூரி வேலையை விட வேணாம் மாமா. பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க."

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது. தேவிபிரியாவை எடுத்த அன்றும் இதே குரலில்தான் வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னான்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாப்பாவைத் தோளில் சாய்த்தபடியே, கொடியில் கிடந்த சின்னக் கவுன்களை ஒரு கையால் உருவத் தொடங்கினார். மாமா வாசலுக்குப் போய் ஒரு செருப்பில் காலை நுழைத்தார்.

"எந்த வேலையை மச்சான்?"

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி நின்றாள்.

"போன வாரமே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். ஹாஸ்டலையும் காலி பண்ணிட்டுத்தான் வந்துருக்கேன். என் மூட்டையைத் தள்ளியாச்சுன்னுதான இம்புட்டு நேரம் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்?"

பெரிய பை சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

மாமாவின் இன்னொரு கால் வெறும் தரையில் நின்றது. அத்தையின் கை கொடியிலேயே இருந்தது. கஸ்தூரி அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் வாய் திறந்தபடி இருந்தது. யாரும் அசையவில்லை.

தோளில் கிடந்த பாப்பா மட்டும் தூக்கத்தில் மூக்கைச் சுளித்தாள்.